ஐந்தாவது முறை எழுபத்திரண்டு

அத்தியாயம் 6

பொய் சொல்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிதாகக் கோபம் வருவதில்லை. பொய்யைச் சோம்பேறித்தனமாகச் சொல்கிறவர்கள் மேல்தான் வரும். அன்று காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் என் முன்னால் வைக்கப்பட்ட கோப்பு அந்த இரண்டாவது ரகம்.

நானூற்றுச் சொச்சம் பக்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனித் தாள். 'என்னுடைய கவனக்குறைவால் எனது சோதனை நிரல் விற்பனைக்குப் போன இயந்திரங்களுக்குள் சென்றுவிட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு' என்று அதில் தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. அதற்கும் கீழே சாட்சி என்ற இடத்தில் என் பெயர். நான் விசாரணையைத் தொடங்கி அப்போது ஏழு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டா நல்லது மேடம். ஆறு மணிக்கு ரிப்போர்ட் அரசாங்க அதிகாரிங்களுக்குப் போகணும்" என்றார் டைரக்டர். பல் வலிக்காரர் மருத்துவரிடம் பேசுவதுபோல வாயை அதிகம் திறக்காமல் பேசும் மனிதர். பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் போனதும் என் உதவியாளர் ஃபியூஸ் அந்தத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முப்பது வருடம் மருத்துவமனை இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டில் இருப்பு கொள்ளாமல் என்னிடம் வந்து சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் மட்டும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை.

"தீர்ப்பு ரெடி. குற்றவாளி ரெடி. சாட்சிகூட ரெடி. குற்றம் எங்கன்னு தேடத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க போல" என்றார்.

குற்றம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. இந்த நிறுவனம் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரங்களைச் செய்கிறது. மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் பேட்டரி கைகொடுக்கும். பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு வயதான தையல்காரர் வீட்டில் மின்சாரம் போனது. திரையில் எழுபத்துமூன்று சதவீதம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு மகள் பக்கத்து அறையில் துணி மடிக்கப் போனாள். பதினோரு நிமிடத்தில் இயந்திரம் நின்றது. மணி அடிக்கவில்லை. எழுபத்துமூன்று இருக்கும்போது மணி எதற்கு அடிக்கப் போகிறது? தையல்காரர் இன்னும் மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறார்.

மகள் அதற்கு ஒரு மாதம் முன்பே சேவை எண்ணுக்குக் கூப்பிட்டு, எப்போது பார்த்தாலும் எழுபத்துமூன்றே காட்டுகிறதே என்று கேட்டிருக்கிறாள். பேட்டரியின் ஆயுளைக் காக்க இயந்திரமே அப்படி வைத்துக்கொள்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியாத இடங்களில்தான் பதில்கள் இவ்வளவு அழகாக இருக்கும்.

தையல்காரரின் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை பேட்டரி அளவைத் தன் நினைவில் குறித்து வைத்திருந்தது. அந்த எண்களே கோப்பில் அறுபது பக்கம். ஃபியூஸ் விரல் வைத்துப் படித்தார்.

"எழுபத்துமூணு, எழுபத்துமூணு, எழுபத்துமூணு, எழுபத்துமூணு, எழுபத்திரண்டு. மறுபடி நாலு எழுபத்துமூணு, ஒரு எழுபத்திரண்டு. அடுத்த பக்கமும் அதே. மேடம், என் கல்யாண வாழ்க்கைகூட இவ்வளவு ஒழுங்கா ஓடினதில்லை."

ஓரத்தில் யாரோ பொறியாளர் பென்சிலால் 'சிறு ஏற்ற இறக்கம், இயல்பு' என்று எழுதியிருந்தார். ஒரே எண்ணாக இருந்திருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். நடுநடுவே ஒன்று குறைந்ததால் அது உயிருள்ள எண்ணாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களையும் நாம் அப்படித்தான் நம்புகிறோம். அவ்வப்போது கொஞ்சம் தடுமாறுகிறவர்கள் நமக்கு உண்மையானவர்களாகப் படுகிறார்கள்.

*

குற்றவாளியாக நிச்சயிக்கப்பட்டவள் இரண்டாவது மாடியில், குளிரூட்டியின் நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் கம்பளிச் சால்வை. மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. எல்லாவற்றையும் மேலே எடுத்துப் போய் அச்சடித்துவிட்டார்கள்.

கோப்பு முழுக்க அவளுடைய சோதனை நிரலை 'ஸ்டப்' என்றே குறித்திருந்தார்கள். அப்படி என்றால் என்ன என்று எனக்கும் ஃபியூஸுக்கும் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். இயந்திரத்துக்குள் ஒரு சிறிய கணினி இருக்கிறது, அதன் இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர், பேட்டரி, மோட்டார், மணி எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அதுதான் என்று ஆரம்பித்தாள். கெர்னல் எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்று ஃபியூஸ் கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"ஃபங்ஷன்னா ஒரே ஒரு வேலையைச் செய்ற சின்ன நிரல். பேட்டரி அளவு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றது ஒரு ஃபங்ஷன். அந்த அளவைத் திரையில காட்டி, குறைஞ்சா மணி அடிக்கிறது இன்னொரு ஃபங்ஷன். நான் டெஸ்ட் பண்ண வேண்டியது ரெண்டாவதை. ஆனா என் கம்ப்யூட்டர்ல அந்த பேட்டரியே கிடையாது. அதனால முதல் ஃபங்ஷனை யாராவது கூப்பிட்டா, அதுக்குப் பதிலா என் ஸ்டப் பதில் சொல்ற மாதிரி மாத்திவிடுவேன். ஸ்டப் எதையும் அளக்காது. நான் சொல்லிக்குடுத்த நம்பரைச் சொல்லும், அவ்வளவுதான்."

"சண்டைக் காட்சிக்கு டூப் போடற மாதிரி" என்றார் ஃபியூஸ்.

"அதேதான் சார்."

மணியைச் சோதிக்க வேறொரு ஸ்டப், அது பத்தொன்பது என்று சொல்லும். இந்த ஸ்டப் திரைக்கு. எண் மாறினால் திரையும் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக எழுபத்துமூன்று, எழுபத்துமூன்று என்று சொல்லிவிட்டு நடுவில் ஒரு முறை எழுபத்திரண்டு சொல்லும். இவ்வளவையும் தயக்கமில்லாமல் சொன்னாள். டெஸ்ட் முடிந்த பிறகு ஸ்டப் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. தன் வேலையைப் பற்றி யாரோ கேட்கிறார்கள் என்கிற வெளிச்சம்.

"தானா விலகிடும் மேடம். அதுதான் இதுல அழகே. கெர்னல்ல ஒரே நேரத்துல நூறு வேலை ஓடும். என் டெஸ்ட் ஓடற வேலைக்கு மட்டும்தான் ஸ்டப் தெரியும். பக்கத்துல ஓடற வேறு எது கூப்பிட்டாலும் நிஜ ஃபங்ஷன்தான் பதில் சொல்லும். விக்கிற மெஷினுக்குள்ள டெஸ்ட் எதுவும் போகாது. அந்த மாத்திவிடற வரியே அங்க வெறும் இடமா ஆயிடும்."

ஃபியூஸ் தலையைச் சொறிந்தார். "அப்போ அது எப்படிம்மா தையல்காரர் வீடு வரைக்கும் போச்சு?"

வெளிச்சம் போய்விட்டது. "தெரியல. எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். என் தப்புதான்."

குற்றத்தை இவ்வளவு சுலபமாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்ததில்லை. தப்பு செய்தவன் குறைந்தபட்சம் விலை பேசுவான். இவளோ கேட்கும் முன்பே கையை நீட்டுகிறாள். ஸ்டப்பை யாருக்காவது காட்டினாயா என்றேன். விதிப்படி, கெர்னலைக் கவனிக்கும் அடித்தளப் பிரிவின் தலைவருக்கு அனுப்பினேன், அவர் பார்த்து ஒப்புக்கொண்டார் என்றாள். 'தலைவர்' என்ற சொல்லை அவள் வாய் கொஞ்சம் பழக்கமில்லாமல் உச்சரித்த மாதிரி எனக்குப் பட்டது.

நிஜ ஃபங்ஷனை எழுதியது யார் என்று கேட்டேன். அது அடித்தளப் பிரிவின் வேலை, தனக்கு அதன் பெயரும் வடிவமும் தெரிந்தால் போதும் என்றாள். பெயர் தெரிந்தால் அதன் இடத்தில் ஸ்டப்பை வைத்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று டெஸ்ட் எழுதுகிறவர் பார்க்க வேண்டியதில்லை. ஆக, ஏழு மாதமாக இந்த அறையில் தினமும் இருபது முப்பது முறை அந்த ஃபங்ஷனின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறைகூட அது வந்ததில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

*

அடித்தளப் பிரிவின் தலைவருக்கு ஜன்னல் வைத்த அறை. சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், அவற்றில் இரண்டு ஒரே பயிற்சிக்கு. எங்களுக்குக் காபி வரவழைத்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டெஸ்ட் தேறியது என்று திரையில் பச்சை டிக் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். டெஸ்ட் பகுதி தவறுதலாக விற்பனை இயந்திரங்களோடு சேர்ந்து போயிருக்க வேண்டும் என்றார். அப்படிப் போனாலும் டெஸ்ட் ஓடாமல் ஸ்டப் எப்படி வேலை செய்யும் என்று கேட்டதற்கு, கெர்னல் மிகவும் சிக்கலான விஷயம் என்றார்.

நிஜ ஃபங்ஷனைப் பார்க்கலாமா என்றேன். விற்பனை நிரலை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது, கம்பெனி விதி என்றார்.

"பார்க்க வேண்டாம். அது இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? நானே என் கையால எழுதினது" என்றார்.

வெளியே வந்ததும் ஃபியூஸ் சொன்னார்: "மேடம், நான் முப்பது வருஷம் மெஷின் பார்த்தவன். சிக்கலான விஷயம்னு எவன் சொன்னாலும், அவன் அதைத் திறந்தே பார்க்கலைன்னு அர்த்தம்."

*

மதியம் கூட்ட அறையில் கோப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பெண்தான் ஸ்டப்பை எழுதினாள் என்று நிரூபிக்கும் ஆவேசத்தில் அவளுடைய கணினியில் இருந்த எல்லாவற்றையும் அச்சடித்திருந்தார்கள். விடுப்பு விண்ணப்பம், பிறந்தநாள் கேக்குக்குப் பெயர் கொடுத்தவர் பட்டியல், எல்லாம். அச்சடித்தவர் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை என்பது அடுக்கிய விதத்திலேயே தெரிந்தது. பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்தன.

ஸ்டப் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஒன்பது வரி. நிரல் படிக்கத் தெரியாத எனக்கே அதில் இருந்த மூன்று எண்கள் தெரிந்தன. எழுபத்துமூன்று, எழுபத்திரண்டு, நான்கு.

ஃபியூஸ் இயந்திரத்தின் குறிப்பைப் பக்கத்தில் வைத்து மறுபடி விரல் விட்டார். மூன்று முறை எண்ணினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறையும் எண்ணினார்.

"மேடம், இந்த ஸ்டப் நாலாவது தடவை எழுபத்திரண்டு சொல்லும். தையல்காரர் மெஷின் அஞ்சாவது தடவை சொல்லியிருக்கு. அறுபது பக்கத்துல ஒரு இடத்துலகூட நாலு இல்ல. டூப்பே ரெண்டு பேர் இருக்காங்க."

அன்று முழுவதும் நாங்கள் கண்டெடுத்த நூல் அந்த ஒன்று மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அஞ்சல்களைத் தேதிவாரியாக நிமிர்த்தி அடுக்கினோம். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம் வரை பிடித்தது.

ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை அஞ்சல். அவள் எழுதிய முதல் ஸ்டப் அதில் இருந்தது. அதே ஒன்பது வரி, நான்கு இருந்த இடத்தில் மட்டும் ஐந்து. அதைப் பெற்றவர் ஒரே ஒருவர், அடித்தளப் பிரிவின் தலைவர். அவருடைய பதில் வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது.

'அஞ்சு எதுக்கு? நாலு போதும். மாத்திடு. பாப்பா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடு, அக்கா உனக்காகப் பார்த்துக்கிட்டிருப்பா.'

நான் இரண்டு முறை படித்தேன். நான்குக்கும் ஐந்துக்கும் அந்தச் சோதனையில் எந்த வித்தியாசமும் கிடையாது. ஆனால் மேலே இருக்கிறவர் பார்த்தார் என்றால் எதையாவது மாற்றச் சொல்ல வேண்டும். ஒன்றும் மாற்றாமல் திருப்பி அனுப்பினால் அவர் பார்க்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். எல்லா அலுவலகத்திலும் இந்த நோய் உண்டு. இவர் விஷயத்தில் அந்தச் சின்ன அதிகாரம் இவரையே காட்டிக் கொடுத்துவிட்டது. அவள் ஐந்தை நான்காக மாற்றி, எல்லோருடைய நிரலும் இருக்கும் பொதுக் கிடங்கில் சேர்த்தபோது, ஐந்து இருந்த பிரதி உலகத்தில் இருவரிடம்தான் இருந்தது. எழுதியவளிடமும், திருத்தச் சொன்னவரிடமும். அவர் அதற்குள் அதை எடுத்து நிஜ ஃபங்ஷன் என்று பெயர் போட்டு வைத்துவிட்டார்.

"அப்போ ஹீரோவே கிடையாது" என்றார் ஃபியூஸ் மெதுவாக. "டூப்புக்கே மேக்கப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டார் அக்கா புருஷன்."

*

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள். மணி மூன்றேமுக்கால். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தை அவள் முன் வைத்தேன். அவள் அதைப் பார்த்த விதத்தில் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"அடுத்த நாளே தெரியும் மேடம். நிஜ ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். என் ஒன்பது வரி. என் அஞ்சு. நான் விட்ட காலி இடம்கூட அப்படியே இருந்துச்சு."

பிறகு மெல்லிய குரலில், நடுவில் நிறுத்தாமல் சொன்னாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் வேலைக்குப் போய் இவளைப் படிக்க வைத்தாள். அத்தான்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். விபத்துக்கு மறுநாள் மாலை அவர் இவள் வீட்டுக்கு வந்து சோபா நுனியில் உட்கார்ந்து அழுதார். இயந்திரம் வெளியாக வேண்டிய தேதி நெருங்கியது, பேட்டரிக்குள் இருக்கும் சிப்போடு பேசுவது எப்படி என்கிற விவரம் வந்து சேரவில்லை, தற்காலிகமாக இவளுடைய வரிகளை வைத்தார், பிறகு மறந்துவிட்டார். 'உனக்குச் சின்ன வயசு, வேற வேலை கிடைச்சிடும். எனக்கு நாற்பத்தெட்டு. அக்காவை நினைச்சுப் பாரு' என்றார். நிஜ ஃபங்ஷனை ஒரே வாரத்தில் எழுதி எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். இவள் சம்மதித்துவிட்டாள்.

தியாகம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வர வேண்டும். வருவது எரிச்சல்தான். அந்த எரிச்சலின் வேர் எனக்குத் தெரியும். என் அண்ணனுக்காக நான் ஒருமுறை இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அண்ணன் இன்றுவரை அதைத் தன்னுடைய சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாம் கொடுத்தது அவர்களுக்குக் கொடையாகவே தெரிவதில்லை. வழுக்காத தரை மாதிரி, அதன்மேல் நடந்து போய்விடுகிறார்கள்.

அதை அவளிடம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நிஜ ஃபங்ஷனை எழுதிட்டாரா?"

"நேத்தே முடிச்சிட்டேன்னு சொன்னார். நான் கையெழுத்துப் போட்டதும், ஸ்டப்பை எடுத்துட்டோம்னு சொல்லி இதை எல்லா மெஷினுக்கும் அனுப்பிடுவாங்க. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. அதனாலதான் மேடம், என் பேர் போனாப் போகட்டும்னு..."

"நீங்க பார்த்தீங்களா?"

அவள் தன் மேசையில் இருந்த கணினித் திரையைப் பார்த்தாள்.

ஃபியூஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கேலி பேசாத சமயம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கும். "ஏழு மாசமா டூப்பைத்தான் கூப்பிட்டிருக்கேம்மா. ஒரே ஒரு தடவை நிஜத்தைக் கூப்பிட்டுப் பாரு."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். எங்களுக்குக் காட்டக் கூடாது என்ற விதியை நினைத்தோ என்னவோ திரையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள். நிஜ ஃபங்ஷன் அன்று காலை பதினொன்று பத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. எங்களுக்குக் காபி வரவழைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். அவள் படித்தாள். வரிகள் அதிகமில்லை என்று அவள் கண் நகர்ந்ததிலிருந்தே தெரிந்தது. முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"எழுபத்துமூணு இல்ல" என்றாள்.

"நல்லதுதானே?"

"கரண்ட்ல இருந்தா நூறு. கரண்ட் போனா நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு குறையும். நூறு, தொண்ணூத்தொன்பது, தொண்ணூத்தெட்டு... கரண்ட் வந்தா திரும்ப மெதுவா ஏறும்." அவள் திரையை எங்கள் பக்கம் முழுதாகத் திருப்பினாள். "பேட்டரியைக் கேக்கிற வரியே இதுல இல்ல மேடம். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுது. அழகா குறையுது. இனிமே ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

ஒன்பது நாள் அவகாசமும் ஒரு மனிதரின் மூச்சும் கொடுத்ததற்கு அத்தான் செய்தது இவ்வளவுதான். முன்பு இருந்தது சோம்பேறிப் பொய். இப்போது அதற்கு உழைத்திருக்கிறார்.

பழைய பேட்டரி பதினோரு நிமிடத்தில் செத்துப்போகும். திரையில் தொண்ணூற்றெட்டு என்று இருக்கும். அவள் தன் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லி அவள் செய்தால், அதுவும் இன்னொருவர் சொல்லிக்கொடுத்த பதிலாகத்தான் இருக்கும்.

*

ஐந்து மணிக்கு டைரக்டர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். அத்தான் ஜன்னல் பக்கம் நின்றார். டைரக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவ்வளவு மரியாதை இந்த ஒன்பது நாளில் அவளுக்கு அந்தக் கட்டடத்தில் கிடைத்திருக்காது.

அவள் உட்கார்ந்து, தட்டச்சு செய்திருந்த இரண்டு வரிகளையும் நேர்கோடாக அடித்தாள். கீழே கையால் எழுதினாள். நான் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

'நான் எழுதிய ஸ்டப் தானாகச் சோதனை அறையைத் தாண்டவில்லை. அதன் முதல் பிரதியை அடித்தளப் பிரிவின் தலைவர் விற்பனை இயந்திரங்களில் வைத்தார். பேட்டரியிடம் அளவு கேட்கும் ஃபங்ஷனை இதுவரை யாருமே எழுதவில்லை. விற்ற இருநூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்களிலும் அது இல்லை. இன்று காலை மாற்றியதிலும் இல்லை. எட்டு நாட்களாக இதை நான் மறைத்தேன்.'

கையெழுத்துப் போட்டாள். கடைசி வரி வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. அதை அவள் நீக்கியிருந்தால் நான் அவளை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன் என்பதும் தோன்றியது.

டைரக்டர் படித்தார். இதைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், அதற்குள் உள்ளுக்குள்ளேயே ஒரு வழி பண்ணலாம், அவசரப்பட்டால் கம்பெனியின் பெயர் என்ன ஆவது என்று முதல்முறையாக வாயை நன்றாகத் திறந்து பேசினார். ஆறு மணி என்று நேரம் குறித்தது அவர்தான் என்று நினைவுபடுத்திவிட்டு, சாட்சி இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஃபியூஸ் தாளைப் படமெடுத்து அதிகாரிகளின் முகவரிக்கு அங்கேயே அனுப்பினார். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தையும் சேர்த்தே அனுப்பினார்.

"திங்கட்கிழமை வரைக்கும் கரண்ட் போகாதுன்னு எழுதிக் குடுங்க சார், அதையும் சேர்த்து அனுப்பிடறேன்" என்றார் டைரக்டரிடம்.

அத்தான் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தார். அந்தச் சான்றிதழ்கள் எதுவும் இப்போது அவர் முகத்தில் இல்லை.

"பாப்பா, அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அவர் கேட்டது அதைத்தான். தையல்காரரைப் பற்றி அன்று காலையிலிருந்து அவர் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். பேனாவின் மூடியைப் பொருத்தி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

நாங்கள் பின்னால் போனபோது அவள் நடைபாதை முனையில், மாடிப்படிக்குப் பக்கத்தில் கைபேசியைக் காதில் வைத்து நின்றிருந்தாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும், சாப்பிட்டேன் என்றாள். அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

"அக்கா, அத்தான் இன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவார். அவர் வேலை போயிடும். கேஸும் வரும். போக வெச்சது நான்தான். வேற யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்னு கூப்பிட்டேன்."

ஃபியூஸ் என் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். நான் நகரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் சுவரில் சாய்ந்தாள். படியில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். பிறகு அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள்.

"இல்லக்கா, போனை வெக்கல" என்றாள். "நீ பேசற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."